அறுபத்து நான்காவது வீடு

கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் கன்னத்து மென்மையைக் காட்டிவிட முடியும். கோதைநாயகிக்கு அதுதான் தொழில். பழைய செய்தித்தாளில் அச்சானதைப் போல முகங்களைப் புள்ளிகளாக மாற்றித் தரும் ஒரு ஃபில்டரை அவள் உருவாக்கியிருந்தாள். அந்த வருடம் தங்கள் கல்யாணப் படங்களை அதில் போட்டு அனுப்பாதவர்கள் குறைவு.

குளிர்நீர் வாரியத்தின் இயக்குநர் நல்லசிவமும் தன் பேத்தியின் படத்தை அதில்தான் போட்டிருந்தார். அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, முகம் மறைந்து வெறும் புள்ளிகள் மிஞ்சிய இடத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு கோதையை வரவழைத்திருந்தார்.

"இதுல சாம்பல் நிறமே இல்லையே மேடம். தள்ளி நின்னா மட்டும் எப்படித் தெரியுது?"

"ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் குடுத்துடுவோம் சார். எட்டுக்கு எட்டு கட்டம், ஒண்ணுலேருந்து அறுபத்து நாலு வரைக்கும். அந்த இடத்துல வெளிச்சம் அந்த எண்ணை எட்டுச்சுன்னா வெள்ளை. எட்டலைன்னா கறுப்பு. பாதி வெளிச்சம்னா புள்ளிகள்ல பாதி வெள்ளையாகும்."

"எந்தப் பாதி?"

"அதுலதான் சார் சூட்சுமம். எண்களை வரிசையா வெச்சா மேல வெள்ளை, கீழ கறுப்புன்னு பட்டையாத் தெரியும். அதனால சிதறி வைப்போம். ஒண்ணு இங்கன்னா ரெண்டு எதிர் மூலையில. வெளிச்சம் எவ்வளவு குறைஞ்சாலும் கறுப்பு ஒரே இடத்துல திரளாது. அந்தக் கட்டத்தையே குளியலறையில ஓடு பதிக்கிற மாதிரி படம் முழுக்கப் பதிச்சுடுவோம்."

"திரளவே திரளாதா?"

"திரளாது சார்."

நல்லசிவம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். வெளியே கருங்கல்மேட்டுக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. கடல் ஏறிக் கரை போனபோது இடம் பெயர்ந்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒவ்வொரு கோபுரத்தின் முகத்திலும் கட்டம் கட்டமாக ஜன்னல்கள். ஒரு ஜன்னலுக்கு ஒரு வீடு.

ஆழ்கடலிலிருந்து குழாயில் வரும் குளிர்நீர் அந்த வீடுகளின் கூரைக்குள் ஓடியது. அனல் நாள் என்று சங்கு ஊதிவிட்டால், அந்த நீர் ஓடாத வீட்டில் ஒரு மதியத்தைத் தாண்டுவது கடினம். நீரோ வருடத்துக்கு வருடம் போதாமல் போய்க்கொண்டிருந்தது. எல்லா வீட்டு வால்வையும் பாதி திறந்து வைத்தால் நீர் வந்து சேர்வதற்குள் சூடாகிவிடும், யாருக்கும் பயனில்லை. ஒரு வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லையேல் முழுக்க மூடியிருக்க வேண்டும்.

"போன கோடையில கோபுரம் கோபுரமா மூடினோம்," என்றார் நல்லசிவம். "மொத்தமா வெந்தவங்க மொத்தமா இறங்கி வந்தாங்க. பம்பு நிலையத்துல ஒரு கண்ணாடி மிச்சம் வைக்கல. இப்ப வீடு வீடா மூடலாம்னு பாக்குறேன். உங்க புள்ளி மாதிரி."

கோதைக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். அந்தச் சிலிர்ப்பில் பொய் இல்லை.

"சார், அப்படிச் செஞ்சா மூடின வீட்டுக்குப் பக்கத்து வீடு திறந்தே இருக்கும். சுவத்தை ஒட்டினாப்ல. வேகாத வீட்டுல போய் உக்காந்துக்கலாம். ஒருத்தர்கூட சாக வேண்டாம்."

"அப்படியா," என்றார் அவர். அந்தக் கோணம் அவருக்குத் தோன்றியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அது இன்னும் நல்லது."

கோபுரங்களின் முகப்புப் படத்தைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டுதான் கோதை வேலை செய்தாள். நான்கு புள்ளிகளில் தொடங்கி, அதை நாலாகப் பெருக்கி, அதையும் நாலாகப் பெருக்கி, அறுபத்து நான்கு எண்களும் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. எந்த வீட்டில் எந்த எண் விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. படம் செய்கிறவர்கள் ஒரு புள்ளியைத் தனியாகப் பார்ப்பதில்லை. கண்ணைச் சுருக்கி மொத்தத்தையும் பார்ப்பார்கள். அவள் பார்த்தாள், கறை இல்லாத, சீரான சாம்பல்.

கோடை வந்தது. வாரியத்தின் டிரோன்கள் மேலிருந்து அனுப்பிய வெப்பப் படங்களில் கோபுரங்கள் பட்டுத்துணி போலத் தெரிந்தன. நீர் குறையக் குறையச் சாம்பல் அடர்ந்தது. எங்கும் திட்டுத் திட்டாக நிற்கவில்லை. யாரும் திரண்டு வரவில்லை. கோதைக்கு வாரியக் குடியிருப்பில் ஓர் அறை ஒதுக்கி, ஒப்பந்தத்தையும் நீட்டித்தார்கள்.

அவளுடைய அண்ணன் பொன்னுரங்கம் கருங்கல்மேட்டில் ஒரு கோபுரத்தின் பதினோராம் மாடியில் இருந்தான். அப்பா இறந்தபின் மீன்வலைக் கிடங்கில் மூட்டை தூக்கி அவளைப் படிக்க வைத்தவன். மனைவி போய், இருதயத்தில் ஓர் அடைப்பும் வந்து, தனியாக இருந்தான். எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன் ஒருநாள் போனில் கேட்டான்.

"கோதை, என் வீட்டுக்கு எப்பவாச்சும் திறப்பாங்களா?"

"என்னண்ணா, திறக்கவே இல்லையா?"

"எல்லாருக்கும் மாறி மாறி வருதுன்னு நெனச்சேன்."

மாறி மாறி வராது. எண் எண்தான். கோதை அட்டவணையைத் திறந்து அண்ணன் வீட்டைத் தேடினாள். அறுபத்து நான்கு. நகரம் முழுமைக்கும் நீர் நிறைந்து வழியும் நாளில் மட்டும் திறக்கும் வால்வு.

"எங்கிட்ட வந்துடுண்ணா."

"பூட்டிட்டு வந்தா வேற ஆளுக்கு ஒதுக்கிடுவான். எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு கூரைதான்." பிறகு, "நான் நல்லாத்தான் இருக்கேன். வந்து பாரேன்," என்றான்.

மறுநாள் காலை, சங்கு ஊதும் முன்பே போனாள். அனல் நாட்களில் மின்சாரம் பம்புகளுக்குப் போய்விடுவதால் லிஃப்ட் ஓடாது. பதினோரு மாடியும் ஏறி, மூச்சு வாங்கக் கதவைத் தள்ளினாள். அண்ணன் சுவரோரம் பாய் விரித்துப் படுத்திருந்தான். அவன் தலைமாட்டில், முழங்கால் உயரத்தில், சுவரில் ஒரு ஓட்டை. ஃப்ரிட்ஜைத் திறந்தாற்போல அதிலிருந்து குளிர் வழிந்துகொண்டிருந்தது.

"யாரு, தங்கச்சியா?" ஓட்டைக்கு அப்பாலிருந்து ஒரு குரல். "கொஞ்சம் குனிம்மா. வெறும் காலுதான் தெரியுது."

கோதை குனிந்தாள். ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண், தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது காலில் இரும்புப் பட்டை. பெயர் ஜெபமணி என்று அண்ணன் சொன்னான்.

"புள்ளி வெச்சது நீதானாமே. உங்கண்ணன் பீத்திக்கினே இருக்கும். புள்ளி வெச்சவ கோலம் போட எப்ப வருவாளோன்னு நானும் பாத்துக்கினே இருந்தேன்."

"பக்கத்து வீடு திறந்திருக்கும்னுதான்க்கா அப்படி வெச்சேன். அங்க போய் இருந்துக்கலாம்னு."

"திறந்துதான் இருக்கு. எப்பிடி வர்றதாம்? மேலேருந்து கீழ வர்ற ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் படிக்கட்டு. உங்கண்ணன் பதினோரு மாடி எறங்கி, வெயில்ல நடந்து, என் படியில பதினோரு மாடி ஏறணும். உங்கண்ணனுக்கு மேல் வீட்டு ஆசீரு அப்பிடித்தான் கெளம்புனான். வாட்டசாட்டமான ஆளு. நாலாம் மாடித் திருப்பத்துல கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்னு உக்காந்தான். அவ்ளோதான்."

கோதையின் கை தானாகச் சுவரைத் தொட்டது. முகப்புப் படத்தில் இந்த இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே ஒரு மயிரிழைக் கோடு மட்டுமே இருந்தது. படிக்கட்டு எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

"சுவத்தை யாருக்கா ஒடச்சது?"

"நான்தான். இஸ்திரிப் பெட்டியால. இதெல்லாம் ஒரு சுவரா, அப்பளம்! இந்தாளு அந்தப் பக்கம் முனகிக்கினே இருந்தா நான் எப்பிடித் தைக்கிறது?" அவள் சிரித்தாள். "வாரியத்துல சொல்லிடாதம்மா. சுவத்தை ஒடச்சா வால்வைப் புடுங்கிடுவாங்க."

அண்ணன் சிரிக்கவில்லை என்பதைக் கோதை அப்போது கவனித்தாள். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்று மாலையே அவள் நல்லசிவத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டு விஷயத்தைச் சொன்னாள். நீர் கால்பங்காகக் குறைந்தால் ஒன்றுவிட்டு ஒரு வரிசை மேலிருந்து கீழ்வரை மொத்தமாக மூடிக்கொள்ளும் என்பதைப் படம் போட்டுக் காட்டினாள். எண்களைத் தினமும் ஓர் இடம் நகர்த்தினால் போதும், எல்லாருக்கும் முறை வரும் என்றாள்.

நல்லசிவம் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவரைப் போலப் பேசுகிறவர் இல்லை.

"எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கஷ்டம் குடுத்தா எல்லாரும் கத்துவாங்க மேடம். கொஞ்சம் பேருக்கு முழுசாக் குடுத்தா மத்தவங்க நமக்கு வரலியேன்னு சாமி கும்பிடுவாங்க. ஊர் அமைதியா இருக்கறது உங்க எண் நகராம இருக்கறதாலதான்."

"ஒரு படிக்கட்டுல இருக்கற வீடெல்லாம் மூடிக்கிட்டா அவங்க திரண்டு வர மாட்டாங்களா சார்?"

"அந்த வெயில்ல எறங்கி வர்றதுக்கு உசுரு வேணுமே."

கோதை எழுந்தாள். அவர் கையமர்த்தினார்.

"உங்க அண்ணன் ஒருத்தர் அங்க இருக்காருன்னு கேள்விப்பட்டேன். கட்டத்துக்குள்ள ரெண்டு எண்ணை இடம் மாத்துறதுன்னா மாத்திக்குங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன். படம் மட்டும் கெடக்கூடாது."

எந்த இரண்டு எண்ணை என்று அவளுக்குத் தெரியும். ஓடு பதித்ததுபோல் கட்டங்கள் அடுத்தடுத்து வருவதால், ஒரு கட்டத்தின் கடைசி எண்ணும் அடுத்த கட்டத்தின் முதல் எண்ணும் ஒரே சுவரில் முதுகு சாய்த்து நின்றன. அண்ணன் அறுபத்து நான்கு. ஜெபமணி ஒன்று. ஒட்டி நிற்கும் இரண்டு புள்ளிகளை மாற்றினால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சாம்பலில் வித்தியாசம் தெரியாது. தூரத்துப் புள்ளியோடு மாற்றினால் ஒரு கறை விழும். இது தொழில்.

ஓர் இரவும் ஒரு பகலும் அவள் அட்டவணையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். சுவரில்தான் ஓட்டை இருக்கிறதே என்று நினைத்தாள். குளிர் அந்தப் பக்கமிருந்து வந்தால் என்ன, இந்தப் பக்கமிருந்து போனால் என்ன. அண்ணன் இருதயக்காரன், குளிர் அவன் வீட்டில் இருப்பதுதானே சரி. ஜெபமணிக்கு எதுவும் குறையாது. அந்த நியாயம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டம் ஒன்று இல்லை. நகரம் முழுக்க அதே கட்டம். ஓர் எண்ணை மாற்றினால் கருங்கல்மேட்டின் ஒவ்வொரு கோபுரத்திலும், ஒவ்வொரு கட்டத்திலும் முதல் வீடு கடைசி வீடாகிவிடும். அந்தச் சுவர்களில் எல்லாம் ஓட்டை கிடையாது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மனம் மெல்லத் திரும்பி மறுபடி ஜெபமணியின் ஓட்டைக்கே வந்து நின்றது.

மறுநாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மாற்றினாள். பெரிய திரையில் நகரம் ஒரு கணம்கூட நடுங்கவில்லை.

"அண்ணா, உனக்குத் திறந்துடுச்சா?"

"ஜில்லுன்னு வருது கோதை!" அவன் குரல் சின்னப் பையன் குரலாகியிருந்தது. "கூரையெல்லாம் வேர்க்குது."

"அக்காவுக்கு மூடியிருக்கும். ஓட்டைப் பக்கத்துலயே அவங்களை இருக்கச் சொல்லு."

"சரி, சரி."

அதற்கடுத்த வாரம்தான் அந்தக் கோடையின் மோசமான வாரம். ஆழ்கடல் குழாயில் ஏதோ உடைந்து நீர் கால்பங்குக்கும் கீழே போனது. சங்கு விடியும் முன்பே ஊதியது. மாலைவரை தெருவில் ஒரு வண்டியும் ஓடக்கூடாது. கோதை வாரியத்தின் திரையறையிலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"நல்லா இருக்கியா?"

"எனக்கென்ன."

அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ சத்தம். மரத்தில் எதையோ தட்டுவது போல. நிதானமாக, விட்டு விட்டு.

"அது என்ன சத்தம்ண்ணா?"

மறுபடி தட்டும் சத்தம்.

"அண்ணா?"

"ஓட்டையைப் பீரோ வெச்சு அடைச்சிட்டேன்."

"பைத்தியமா உனக்கு? அக்கா அந்தப் பக்கம் இருக்காங்க. அவங்களால படி எறங்க முடியாது!"

"தெரியும்."

"நகத்துண்ணா. இப்பவே நகத்து."

"இந்தப் படியில நான் ஒருத்தன்தான் குளிர்ல இருக்கேன் கோதை. மேல கீழ எல்லாம் வேகுது. கதவைத் திறக்கறதேயில்ல நான், மூச்சுக்கூட மெதுவாத்தான் விடறேன். அவ வாயி உனக்குத் தெரியாது. ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும், கதவை ஒடச்சிட்டு உள்ள வந்துடுவாங்க. இத்தனை பேர் மூச்சு விட்டா இந்தக் குளிர் தாங்குமா?" அவன் நிறுத்தினான். பிறகு, யாரும் கேட்காததற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான். "அந்த ஓட்டையாண்ட நாய் மாதிரி படுத்துக் கெடந்தேன். தினம் ஒரு நக்கல். 'இன்னா ரங்கம், உசுரு இருக்குதா?' சோறு போடறவ மாதிரி. அது உனக்குத் தெரியாது."

தட்டும் சத்தம் கேட்டது. அதனோடு ஒரு குரலும், வார்த்தை புரியாத தூரத்தில்.

கோதையின் முன்னால் அட்டவணை திறந்திருந்தது. இரண்டு எண்களையும் பழைய இடத்தில் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்த நொடி ஜெபமணியின் கூரையில் நீர் ஓடும். நகரமெங்கும் எத்தனையோ கூரைகளில் ஓடும். அவள் விரல் விசையின் மேல் இருந்தது. அதை அவன் பார்த்துவிட்டதுபோல் பேசினான்.

"மாத்திடுவியா?"

அவள் விரலை எடுக்கவில்லை.

"மாத்துனா நான் செத்துடுவேன் கோதை. பீரோ வெச்சவனுக்கு அவ எப்பிடி எடம் குடுப்பா?"

கொடுப்பாள் என்றுதான் கோதைக்குத் தோன்றியது. இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, குனி என்று சொல்லிவிட்டு, கொடுப்பாள். ஆனால் அதை நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான், அண்ணனின் மூச்சுச் சத்தம் காதுக்கு இத்தனை அருகில் இருந்தது.

போனை இருவரும் வைக்கவில்லை. பேசவும் இல்லை. அவன் பீரோவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தட்டும் சத்தத்தின் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு இடைவெளியிலும் இனி வராது என்று நினைத்தாள், வந்தது. ஒருமுறை வேகமாகத் தொடர்ந்து தட்டியது. இரும்பால் தட்டும் சத்தம். இஸ்திரிப் பெட்டியாக இருக்கும். பீரோவின் முதுகு அப்பளம் இல்லை. பிறகு கையால் தட்டுவது போல, மெத்தென்று. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

"நின்னுடுச்சு," என்றான் பொன்னுரங்கம்.

கோதை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வந்த சொற்களை அவளே கேட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டியாண்ணா?"

மழை வந்து, சங்கு ஓய்ந்து, கோபுரங்களின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்த பிறகுதான் இறந்தவர்களின் எண்ணிக்கை தெரிந்தது. அதுவும் வாரியத்துக்குள் மட்டும். ஒவ்வொரு கோபுரத்திலும் இரண்டு, மூன்று. எங்கும் அதற்கு மேல் இல்லை. ஒரு தெருவில் ஒரே நாளில் இரண்டு பாடை போகவில்லை. ஒவ்வொரு சாவும் அந்தந்த வீட்டின் கெட்ட நேரமாகவே கடந்து போயிற்று.

"பம்பு நிலையத்துல ஒரு கல்லு விழல," என்றார் நல்லசிவம். திரையில் கோடை முழுவதுமான படம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க நடுவுல ஒரு எண்ணை மாத்துனீங்களா?"

"மாத்தினேன் சார்."

"எங்கன்னு தேடிப் பாத்தேன். கண்ணுக்குத் தெரியல." அது பாராட்டு. "காலியான வீடுகளுக்குப் புது ஒதுக்கீடு போட்டாச்சு. காத்திருக்கறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு. அடுத்த கோடைக்கும் இதே கட்டம்தான்."

"அந்த வீடுகளுக்கு என்ன எண்ணுன்னு அவங்களுக்குச் சொல்லுவீங்களா சார்?"

"எண் வாரியத்துக்கு மேடம். அவங்களுக்கு வீட்டு நம்பர் இருக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அண்ணன் போன் செய்தான். குரல் தெளிவாக இருந்தது. உடம்பு தேறிவிட்டது, டாக்டரே ஆச்சரியப்பட்டார் என்றான். பிறகு பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்திருப்பதாகச் சொன்னான். புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. வாசலில் மாவிலை கட்டிப் பால் காய்ச்சினார்களாம். வேறு படிக்கட்டு என்பதால் நேரில் பார்க்கவில்லை, சத்தத்தில் தெரிந்துகொண்டானாம்.

"ஓட்டை?" என்று கேட்டாள் கோதை.

"அவங்க பக்கம் வாரியத்துக்காரனே பூசிக் குடுத்துட்டான். இந்தப் பக்கம் பீரோதான்." அவன் தயங்கினான். "அந்தக் குழந்தைதான் கோதை. நாள் பூரா சுவத்துல தட்டி விளையாடுது. கையால தட்டுது. எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

கோதை போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். மிக லேசாக, அந்தத் தட்டும் சத்தம் கேட்கத்தான் செய்தது.

"தடிமனா மெத்தை மாதிரி ஏதோ கிடைக்குதாமே," என்றான் அண்ணன். "சுவத்துல ஒட்டிட்டா சத்தமே வராதாம். உங்க ஆபீஸ் பக்கம் கிடைக்குமா பாரேன்."

கோதை மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"எவ்வளவு அகலம்ண்ணா?" என்று கேட்டாள்.